பழைய எம்3-ஐ வீட்டின் ஒரே காராக வாங்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் அவருக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு நான்கு. வீட்டில் இருப்பது ஒரே ஒரு சிறிய ஹேட்ச்பேக் கார். குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே அலுவலகம் போவதற்கு அதைத்தான் அவர் ஓட்டுகிறார். வீட்டிலிருந்து அலுவலகம் 7 கி.மீ.; பெரும்பகுதி நெரிசலான சாலை. மாதம் ஒருமுறை 180 கி.மீ. தொலைவில் இருக்கும் பெற்றோரின் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்வருகிறார். வேகமான செடான் கார்கள் மீது கல்லூரிக் காலத்திலிருந்தே அவருக்குத் தீராத ஆசை. இப்போது அந்த ஹேட்ச்பேக்கை விற்று, சேமிப்பு முழுவதையும் சேர்த்தால், 2009-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ எம்3 செடான் ஒன்றை வாங்கிவிடலாம். 84,000 கி.மீ. ஓடிய அந்தக் காரை விற்பவர் அதன் மூன்றாவது உரிமையாளர். “இந்த வாரம்தான் ஆயில் மாற்றி முழு சர்வீஸ் செய்தேன், சாப்ட்வேர் மாற்றி 60 குதிரைத்திறன் கூட்டியிருக்கிறேன், சத்தம் நன்றாக வருவதற்காக சைலன்சரோடு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டேன்” என்று அவர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கொடுத்தால் காரை வேறு யாருக்கும் காட்ட மாட்டாராம். ஏறக்குறைய அதே விலைக்கு ஒரு விற்பனையகத்தில் 2016-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 340ஐ செடான் ஒன்றும் இருக்கிறது; ஆனால் அது பிஎம்டபிள்யூவின் உயர்திறன் கார்களான எம் வரிசையைச் சேர்ந்தது இல்லையே என்று வாசகிக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய கணவர் கேட்பது ஒன்றுதான்: “அந்தக் கார் இரண்டு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் பிள்ளைகளை எதில் கூட்டிப்போவது?” எம்3-ஐ அன்றாடம் ஓட்டலாமா, மென்மையாக ஓட்டினால் அது நீடித்து உழைக்குமா, முன்பணத்தைக் கொடுத்துவிடலாமா என்ற மூன்று கேள்விகளோடு கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

இத்தனை பொறுப்புகளுக்கு நடுவே இப்படி ஒரு காருக்கு ஆசைப்படுவது தவறா என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். தவறே இல்லை. பயன்படுத்திய கார்களை ஆய்வு செய்து அறிக்கை தருவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் துணையில்லாமல் நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் அந்த எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினின் மேல் பெரிய மரியாதை உண்டு. பின் இருக்கையில் குழந்தைகளை உட்கார வைத்து, டிக்கியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டக்கூடிய நான்கு கதவுக் காரில் அப்படியோர் எஞ்சினைப் பொருத்தி விற்றார்கள் என்பது வியக்கத்தக்க விஷயம். ஆகவே ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விவரித்திருக்கும் இந்த எம்3-ஐ, வீட்டின் ஒரே காராக, 7 கி.மீ. அலுவலகப் பயணத்துக்காக, சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்க வேண்டாம். அதன் வயதையோ வேகத்தையோ கண்டு நான் அஞ்சவில்லை. அந்த எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதற்கு முன்பே உங்கள் அன்றாடப் பயணம் முடிந்துவிடுகிறது என்பதுதான் முதல் காரணம். பழுது வந்தால் தாங்குவதற்குக் கையிருப்பு இல்லை என்பது இரண்டாவது.

ஏழு கிலோமீட்டரில் எஞ்சினுக்கு என்ன நேர்கிறது

இந்த எம்3-இல் இருப்பது 4.0 லிட்டர் வி8 எஞ்சின். 420 குதிரைத்திறன் கொண்டது. ஆயில் மட்டும் 8.8 லிட்டர் பிடிக்கும். அதற்கு விதிக்கப்பட்டிருப்பது 10டபிள்யூ-60 என்ற தரத்தில் வரும், கெட்டியான ஆயில். இவ்வளவு ஆயில், அதுவும் இவ்வளவு கெட்டியான ஆயில், முழுச் சூட்டுக்கு வருவதற்கு, குளிர்விக்கும் தண்ணீர் சூடாவதைக் காட்டிலும் வெகுநேரம் பிடிக்கும். அதனால்தான் இந்தக் காரின் டேஷ்போர்டில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளுக்குப் பதிலாக ஆயிலின் சூட்டைக் காட்டும் முள் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் வட்டத்தையும் அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். காலையில் முதன்முதலாகக் காரைக் கிளப்பும்போது எச்சரிக்கைப் பட்டை கீழேயே தொடங்கியிருக்கும். ஆயில் சூடாகச் சூடாக அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்து, கடைசியில்தான் 8,000-க்கு மேல் போய் நிற்கும். ஆயில் சூடாகும் வரை எஞ்சினை முடுக்க வேண்டாம் என்று காரைச் செய்தவர்களே ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நெரிசலில் 7 கி.மீ. போய், எஞ்சினை நிறுத்தி, எட்டு மணி நேரம் ஆறவிட்டு, மறுபடியும் 7 கி.மீ. திரும்பினால், அந்த முள் நடுப்பகுதிக்கு வந்து நிலைப்பதே அரிது. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சப்படும். அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆயிலில் சேரும். நீண்ட பயணத்தில் ஆயில் நன்றாகச் சூடானால் இவை இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். குறுகிய பயணங்களில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

எந்தக் காருக்கும் இது நல்லதல்ல என்றாலும், இந்த எஞ்சினுக்கு அது கூடுதலாக உறைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிஸ்டனின் விசையைக் கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுசெல்லும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள் இந்த எஞ்சினின் அறியப்பட்ட பலவீனம். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அந்த இடைவெளி மிகவும் இறுக்கமாக அமைந்துவிட்டது என்று இந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குகள் பலர் கருதுகிறார்கள். காரணம் அதுவோ வேறொன்றோ, கழற்றிய பேரிங்குகளைக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகத் தெரியும். புதியதாக இருக்கும்போது ஒரே சீரான சாம்பல் நிறத்தில் மழமழப்பாக இருக்கும் உள்பக்கம், பாரம் விழும் இடத்தில் தேய்ந்து, அடியிலிருக்கும் செம்பு நிறம் திட்டுத் திட்டாக வெளிப்பட்டிருக்கும். அந்த நிலையிலும் எஞ்சின் சத்தமில்லாமல்தான் ஓடும். சத்தம் கேட்கத் தொடங்கும்போது பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட்டும் கெட்டிருக்கும். அதன்பிறகு பேச்சு பேரிங்கைப் பற்றியது அல்ல, மாற்று எஞ்சினைப் பற்றியது. முன்கூட்டியே மாற்றுவதென்றால், எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, அடியிலுள்ள சப்ஃபிரேமை இறக்கி, ஆயில் சம்ப்பைக் கழற்றி, எட்டு ராடுகளுக்கும் பேரிங்குகளோடு போல்ட்டுகளையும் புதிதாகப் போட வேண்டும். இந்த எஞ்சினில் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை அது.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. “நான் விரட்டி ஓட்டமாட்டேன், மென்மையாகத்தான் ஓட்டுவேன், ஆகவே கார் நீடித்து உழைக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் இந்த எஞ்சின் கேட்பது வேறு. முழுதாகச் சூடேறிய பிறகு நெடுஞ்சாலையில் உயர்ந்த சுற்றில் ஓட்டுவது இதைக் கெடுக்காது. அதற்காகவே செய்யப்பட்ட எஞ்சின் இது. ஆறிய நிலையில் ஓட்டுவதும், சூடேறாமலேயே நாள்தோறும் நிறுத்துவதும், ஆயிலை நீண்டகாலம் மாற்றாமல் விடுவதும்தான் கெடுக்கும். தினமும் 40 கி.மீ. திறந்த சாலையில் போய்வருபவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

நெரிசலில் எந்தக் காரின் வலு கைக்கு எட்டும்

ஆயுள் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓட்டும் சுகத்தையே எடுத்துக்கொள்வோம். எம்3-இன் 420 குதிரைத்திறன் 8,300 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் அதன் அதிகபட்ச முறுக்குவிசையான 400 நியூட்டன் மீட்டர் 3,900 சுற்றில் வருகிறது. நீங்கள் மனம் ஒப்பாமல் ஒதுக்கிய 340ஐ காரின் 3.0 லிட்டர் டர்போ எஞ்சின் 326 குதிரைத்திறன்தான் தருகிறது. ஆனால் 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 1,400-க்கும் குறைவான சுற்றிலேயே தந்துவிடுகிறது. சிக்னல் விழுந்து கிளம்பும்போதும், பேருந்தைத் தாண்டும்போதும், பள்ளிக்கு நேரமாகிவிட்ட காலையிலும் உங்கள் கால் அழுத்தும் எல்லை 1,500-க்கும் 3,000-க்கும் இடையில்தான். அந்த எல்லைக்குள் 340ஐ-தான் வலுவான கார். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எம்3 5 விநாடிக்குச் சற்றுக் குறைவாகவும், 340ஐ 5 விநாடிக்குச் சற்று அதிகமாகவும் எட்டுகின்றன. எம்3-இன் உண்மையான சிறப்பு 5,000 சுற்றுக்கு மேல் தொடங்குகிறது. அது மறுக்க முடியாத பேரின்பம். ஆனால் உங்கள் 7 கி.மீ. சாலையில் அந்த இடத்தை நீங்கள் ஒருநாளும் தொடப்போவதில்லை, தொடவும் கூடாது.

விற்பவர் சொன்ன நல்ல செய்திகள்

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னவற்றுள் எதுவும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு நல்ல செய்தி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இந்த வாரம் ஆயில் மாற்றியிருக்கிறார். இப்படிப்பட்ட எஞ்சினின் உள்நிலையை, பிரிக்காமலே ஓரளவு அறிய ஒரு வழி உண்டு. சில ஆயிரம் கி.மீ. ஓடிய ஆயிலில் சிறிது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பேரிங்கிலிருந்து உதிரும் செம்பு, ஈயம், வெள்ளீயம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று சொல்லிவிடுவார்கள். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளுக்கிடையே மினுங்கும் துகள்கள் உண்டா என்றும் பார்க்கலாம். இந்த வாரம் மாற்றிய ஆயிலில் இவை எதுவும் தெரியாது. ஆகவே “இப்போதுதான் சர்வீஸ் செய்தேன்” என்பது, வாங்குபவர் பார்க்க வேண்டிய சாட்சியம் இப்போதுதான் கொட்டப்பட்டது என்பதற்குச் சமம். பழைய ஃபில்டர் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். கடந்த ஆறேழு ஆண்டுகளின் பில்களையும் கேளுங்கள், எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாறியது, எந்த ஆயில் ஊற்றப்பட்டது, பேரிங் மாற்றிய பில் உண்டா என்பவைதான் இந்தக் காரின் ஜாதகம்.

சாப்ட்வேர் மாற்றியதால் 60 குதிரைத்திறன் கூடியது என்பதை ஏற்க இயலாது. டர்போ எஞ்சினில் சாப்ட்வேர் வழியாகக் காற்றழுத்தத்தை உயர்த்தி நிறைய வலு சேர்க்க முடியும். இந்த எஞ்சினில் டர்போவே இல்லை. உள்ளே போகும் காற்றின் அளவு கிட்டத்தட்ட மாறாததால், சாப்ட்வேர் மட்டும் தரக்கூடிய ஆதாயம் மிகச் சிறியது. அப்படியானால் அந்த சாப்ட்வேர் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால், அதன் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பிழையைப் பதிவு செய்து எஞ்சின் விளக்கை எரியவிடும். அந்தச் சென்சாரின் வாயை அடைக்கத்தான் பெரும்பாலும் சாப்ட்வேரில் கை வைப்பார்கள். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை என்று மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். எரிய வேண்டிய விளக்கை எரியாதபடி செய்திருக்க வாய்ப்புள்ள கார் இது. அந்தக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. எடுத்ததை விற்பவர் பத்திரமாக வைத்திருந்து காரோடு தந்தால் நல்லது. இல்லையென்றால் புகைப் பரிசோதனைக்காகப் புதியதை வாங்கிப் பொருத்தும் பெருஞ்செலவு உங்கள் தலையில் விழும். கன்வெர்ட்டர் இல்லாமல் சாலையில் ஓட்டுவதையே பல நாடுகளின் சட்டம் தடை செய்கிறது.

84,000 கி.மீ. என்ற கணக்கும் உங்களை ஈர்த்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் காருக்கு அது குறைந்த ஓட்டம்தான். ஆனால் ரப்பர் புஷ், ஆயில் சீல், பிளாஸ்டிக் தண்ணீர் இணைப்புகள் முதலியவை கி.மீ. கணக்கில் மட்டும் தேய்வதில்லை, ஆண்டுக் கணக்கிலும் இறுகி வெடிக்கின்றன. ஓட்டம் குறைவு என்பதே குறுகிய பயணங்கள் அதிகம் என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். இந்த எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மீட்டர் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதை அறிய வழி உண்டு: இந்த வரிசைக் கார்களில் ஓட்டக் கணக்கு மீட்டரைத் தவிர வேறொரு மின்னணுப் பெட்டியிலும் சாவியிலும்கூடப் பதிவாகிறது. பிஎம்டபிள்யூ சர்வீஸ் மையத்தில் சாவியைப் படித்துச் சொல்லச் சொன்னால் போதும். சில நிமிட வேலை.

விலை இறங்கியது காருக்குத்தான்

பழைய உயர்திறன் கார்களை வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் சறுக்குகிறார்கள். புதிதாக இருந்தபோது மிகச் சிலரால் மட்டுமே வாங்க முடிந்த கார், இன்று உங்கள் சேமிப்புக்குள் வந்துவிட்டது. ஆனால் அதன் உதிரிபாகங்களுக்கு அப்படி வயதாகவில்லை. அவற்றின் விலை இன்னமும் அந்த முதல் உரிமையாளரின் வருமானத்தை மனத்தில் வைத்தே இருக்கிறது. முன் பிரேக் டிஸ்க்கின் விட்டம் 360 மி.மீ., பின்னது 350 மி.மீ.; உங்கள் ஹேட்ச்பேக்கின் டிஸ்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டயர்கள் முன்னால் 245, பின்னால் 265 என வெவ்வேறு அகலத்தில் இருப்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த இயலாது. பின் டயர்கள் முன்னதாகவே தீரும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வழியைத் திறந்து மூடும் இரண்டு திராட்டில் ஆக்சுவேட்டர்கள் இருக்கின்றன. அவை பழுதானால் கார் வலு குறைந்து, ஊர்ந்து போகும் நிலைக்கு இறங்கிவிடும். இந்த எஞ்சினில் பலருக்கும் நேர்ந்த பழுது அது. எரிபொருளைப் பொறுத்தவரை, உற்பத்தியாளரின் சோதனைக் கணக்கிலேயே எம்3 100 கி.மீ.க்கு 12 லிட்டருக்கு மேல் குடிக்கிறது. நெரிசலில் அது 16, 18 என ஏறினால் வியப்பதற்கில்லை. 340ஐ-க்குச் சோதனைக் கணக்கு 8 லிட்டருக்கும் குறைவு. இரண்டுமே உயர் ஆக்டேன் பெட்ரோலில் ஓட்ட வேண்டியவை.

காப்பீட்டையும் இப்போதே விசாரியுங்கள். சாப்ட்வேரும் புகைக்குழாயும் மாற்றப்பட்டிருப்பதை மறைத்துக் காப்பீடு எடுத்தால், விபத்து நேர்ந்த பிறகு அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு வழி பிறக்கும். சொல்லி எடுத்தால் தொகை கூடும். சில நிறுவனங்கள் ஏற்கவே மாட்டா. சேஸிஸ் எண்ணையும் மாற்றங்களின் பட்டியலையும் கொடுத்து, கார் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் விலை கேட்டு வாங்குங்கள்.

நான் சொல்லும் அளவுகோல் இது: இந்த வயதில், இந்த வகைக் காரை வாங்குபவர், வாங்கும் விலையில் குறைந்தது கால் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் அடங்கும் காரைத்தான் தேட வேண்டும். பேரிங் மாற்றிய பில் இல்லாத எம்3 என்றால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி முதல் மாதமே செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்த இன்னொரு காரையும் விற்றுவிட்டால், முதல் பழுதே குடும்பத்தை முடக்கிவிடும். உங்கள் கணவர் கேட்டதை ஆசைக்குப் போடும் முட்டுக்கட்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காரின் உதிரிபாகம் வருவதற்கு இரண்டு வாரம் ஆவது சாதாரணமாக நடக்கக்கூடியது. அந்த இரண்டு வாரமும் பள்ளி நடக்கும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

ஒரே கார்தான் என்பது மாறாத நிலைமை என்றால், 340ஐ-யைத் திறந்த மனத்தோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதன் எஞ்சின் 2015-இல் அறிமுகமான புதிய தலைமுறையைச் சேர்ந்தது. வலுவான கட்டமைப்புக்காகவும் நம்பகத்தன்மைக்காகவும் நல்ல பெயர் எடுத்தது. அதற்கும் குறைகள் உண்டு: ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கில் கசிவு, குளிர்விக்கும் தண்ணீர் மெல்லக் குறைதல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குறுகிய பயணம் அதற்கும் நல்லதல்ல. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றி, மாதந்தோறும் அந்த 180 கி.மீ. பயணத்தையும் செய்துவந்தால் அது தாங்கும். எம் எழுத்து இல்லையே என்ற குறையை நான் அற்பமாக நினைக்கவில்லை. பல ஆண்டுகள் மனத்தில் சுமந்த பெயர் அது என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது.

அந்தப் பெயர்தான் வேண்டும் என்றால், ஹேட்ச்பேக்கை விற்காதீர்கள். தினசரி 7 கி.மீ.யை அது சுமக்கட்டும். எம்3-க்கான தேடலை ஓராண்டு நீட்டி, அதற்குள் அந்தக் கால் பங்கைச் சேர்த்துவிட்டு, பேரிங் மாற்றிய பில்லோடு, எதுவும் மாற்றப்படாத, அசல் நிலையில் உள்ள காரைத் தேடுங்கள். வார இறுதியிலும் பெற்றோர் வீட்டுப் பயணத்திலும் ஓடும் எம்3-க்கு நான் மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பகுதி குறைந்துவிடும், 180 கி.மீ. நெடுஞ்சாலை அந்த எஞ்சினுக்கு மருந்து போன்றது. இன்னொரு நிறுத்துமிடத்துக்கும் இன்னொரு காப்பீட்டுக்கும் செலவு உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வழியே உங்களுக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

எந்தக் காராக இருந்தாலும் பார்க்கப் போகும் முறை ஒன்றுதான். காலையில் முதல் ஆளாகப் போங்கள். நான் வருவதற்கு முன் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள்; வெதுவெதுப்பாக இருந்தால், ஆறிய எஞ்சினின் சத்தத்தை நீங்கள் கேட்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்; 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் அது. நான்கும் ஒரே நிறுவனத்தின் நல்ல டயர்களாக இருந்தால், காருக்குச் செலவழிக்கத் தயங்காத உரிமையாளர் என்று கொள்ளலாம். பிரேக் டிஸ்க்கின் விளிம்பை விரலால் தடவுங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், மெக்கானிக் அளந்து சொல்வார். ஸ்கேனரில் பிழைகள் இல்லை என்பதோடு நிறுத்தாமல், காரின் கணினி தானாகச் செய்துகொள்ளும் சுயசோதனைகள் எல்லாம் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில்தான் யாரோ பிழைப் பதிவை அழித்திருக்கிறார்கள் என்று பொருள். ஆயில் முள் நிலைபெறும் வரை, குறைந்தது அரை மணி நேரம், நெரிசலிலும் திறந்த சாலையிலும் ஓட்டிப் பாருங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பொதுவாகச் சொன்னால், தொழிலாக விற்கும் விற்பனையகத்துக்குப் பல நாடுகளின் நுகர்வோர் சட்டம் கூடுதல் பொறுப்பைச் சுமத்துகிறது. தனிநபரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு பெரிதும் குறைந்துவிடும். உங்கள் எம்3 தனிநபரிடமும் 340ஐ விற்பனையகத்திலும் இருக்கின்றன என்பதை இந்தக் கோணத்திலும் எடை போடுங்கள். “உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது” என்ற வரியில் கையெழுத்திட்டால் பின்னால் தெரியவரும் பழுதுகள் பெரும்பாலும் உங்களைச் சேரும். தெரிந்தே சொன்ன பொய்யை அந்த வரி பல இடங்களில் காப்பாற்றாது என்றாலும், பொய் என்பதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஆகையால் ஓட்டக் கணக்கு, விபத்து நேரவில்லை என்பது, செய்த மாற்றங்கள், கடன் பாக்கி இல்லை என்பது ஆகியவற்றை விற்பவர் கைப்பட எழுதித் தரட்டும். கடன் அடைந்துவிட்டதா என்பதைப் பதிவு அலுவலகத்திலும், திரும்பப் பெறும் அறிவிப்புகள் ஏதேனும் நிலுவையில் உள்ளனவா என்பதைச் சேஸிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்திடமும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி முன்பணம். நான் பரிந்துரைக்கும் நிலையில் இந்தக் கார் இல்லை என்பதால் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். இதையெல்லாம் படித்த பிறகும் மனம் அந்தக் காரிடமே நின்றால், ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்பவரிடம் இரண்டு வரிகளில் கையெழுத்துக் கேளுங்கள்: வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் காரை முழுமையாக ஆய்வு செய்யச் சம்மதிக்கிறேன், அந்த அறிக்கை வாங்குபவருக்குத் திருப்தி தராவிட்டால் முன்பணம் முழுவதையும் அன்றே திருப்பித் தருவேன். கையெழுத்திட்டால் சிறு தொகை ஒன்றை வங்கி வழியாகச் செலுத்தி, ஆறிய எஞ்சினோடு காரை ஆய்வுக்கு அனுப்புங்கள். மறுத்தால் பணத்தை எடுத்துக்கொண்டு 340ஐ-யை ஓட்டிப் பார்க்கப் போங்கள். கணவரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்று, பின் இருக்கையில் உட்கார வைத்தே ஓட்டிப் பாருங்கள்.